இஸ்டோர் உத்தியோகத்துக்கு எந்தப் படிப்பு?

டிக்கோயா,
ஆவணி, 1961.

மரியாதைக்குரிய மைத்துனர் சிவசாமி அவர்களுக்கு,

செல்லசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மழை இல்லாத நேரத்தில் பனி, பனி இல்லாத நேரத்தில் மழை. மற்றபடி நானும் உங்கள் தங்கை நாகலெட்சுமியும் சுகம். பூண்டுலோயாவில் உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் அழகன் கொழுந்தை அரைத்துத் தேயிலையாக்கும் இஸ்டோரில் உத்தியோகம் பார்க்க ஆசைப்படுகிறான், அதற்காக அவனை மேலே படிக்க வைப்பதா அல்லது இப்போதே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மலை வேலைக்குப் பேர் கொடுத்துவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகன் முத்துலிங்கத்தை இந்தத் தோட்டத்து இஸ்டோரில் டீமேக்கரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டவன் நான். ஆகவே என்னைக் கேட்டது சரி. இந்த விஷயத்தில் என்னளவு அடிபட்ட கணக்கப்பிள்ளை இந்தப் பக்கத்தில் கிடையாது.

முதலில் நான் ஹட்டன் தலைமையாசிரியரை நம்பினேன். இனி வருவது தொழிற்சாலைக் காலம், சீமெந்துக்கும் காகிதத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள், தேயிலை என்பதும் ஒரு இரசாயனம்தான், விஞ்ஞானம் படித்தவன் பிழைத்துக்கொள்வான் என்று அவர் சொல்ல, முத்துலிங்கத்தை விஞ்ஞானத்தில் போட்டேன். அவன் வீட்டில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊதி ஊதிப் படித்ததில் என் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா காலியானதுதான் மிச்சம் என்று நினைத்தேன், ஆனால் எஸ்.எஸ்.ஸி. பாஸாகிவிட்டான். சான்றிதழைத் தூக்கிக்கொண்டு பெரிய கிளாக்கரிடம் போனால் அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “விஞ்ஞானமா? இங்க கொழுந்த வாட்டி, அரைச்சி, காய வைக்கிறோமுங்க. சந்திரனுக்கா ஆள் அனுப்புறோம்? போயி டீமேக்கரப் பாருங்க. இதுக்கு மூக்குதான் வேணும்.”

டீமேக்கர் ஆண்டியப்பனும் அதையே சொன்னார். “அரைச்ச எல பழுக்கிறப்ப பச்ச வாசம் போயி அப்பிள் வாசம் வருமுங்க. அந்த நேரத்தப் புடிக்கிற மூக்கு வேணும். பூண்டு, கருவாடு, பொகையில எதுவும் பக்கத்துல வரப்படாது.” சொல்லிக்கொண்டே அவர் ஒரு சிட்டிகை பொடியை மூக்கில் ஏற்றினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அன்று முதல் வீட்டில் பூண்டை நிறுத்தினேன், கருவாட்டை நிறுத்தினேன், முருகனுக்குக் கற்பூரத்தை நிறுத்தினேன், உங்கள் தங்கையின் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயையும் நிறுத்தினேன். வாசம் பழகட்டுமென்று சரிபுதீன் நானா கடையில் அப்பிள் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதை உங்கள் மருமகன் மறுநாளே தின்றுவிட்டு, பரிசோதனை என்றான். உங்கள் தங்கை என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஏங்க, பூண்டு இல்லாத ரசத்தக் குடிச்சி ஒங்க புள்ளக்கி மூக்கு நீண்டுருச்சா? கருவாடு இல்லாத வீட்டுல பூனகூடத் தங்கல. நான் தங்கியிருக்கேன் பாருங்க, என்னயச் சொல்லணும்.”

இப்படியாக விஞ்ஞானத்தையும் மூக்கையும் தயார் செய்துகொண்டு பெரியதுரை முன்னால் போய் நின்றோம். துரைக்கு நல்ல சளி. வாயில் புகை விடும் சுங்கான் குழாய். அவருக்கு முன்னால் எருக்குழியைத் தோண்டி வைத்தாலும் வாசம் தெரிந்திருக்காது. கிளாக்கர் சான்றிதழை மேசையில் வைத்தார். துரை அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் சுங்கான் புகையிலை டின்னை எடுத்து மகன்மேல் வீசி எறிந்தார். தோட்டத்துச் சாமான் விழுந்து நெளிந்தால் நம் தலையில் அல்லவா விழும் என்ற பயத்தில் அவன் பாய்ந்து ஒரு கையால் பிடித்துவிட்டான். துரை எழுந்து நின்றுவிட்டார்.

“கிளாக்கர், விக்கெட்டுக்குப் பின்னாலே நிக்கிற ஆள் நமக்கு இல்லேதானே? பக்கத்துத் தோட்டத்தோட மேட்ச் வருது. இவனைப் போடு இஸ்டோர்லே.”

மைத்துனரே, அன்றிலிருந்து முத்துலிங்கம் இஸ்டோர் உத்தியோகத்தன். காலையில் மைதானத்துப் புல்லை வெட்டுவிக்கிறான், மாலையில் பந்து பிடிக்கிறான். கொழுந்து எந்த மாடியில் வாடுகிறது என்று அவனுக்குத் தெரியாது. தொழில் பழகவென்று ஒருநாள் ஆசையோடு உள்ளே போனவனை ஆண்டியப்பன் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். “தம்பி, மெஷின் பக்கம் வராதீங்க. வெரலு நசுங்கிச்சின்னா தொர என்னயத்தான் ஏசுவாரு. வெளிய போயி வெளாடுங்க.” போன மாதம் மேட்சில் ஜெயித்தோம். துரை அவனை முதுகில் தட்டி, ஒருநாள் நீ நல்ல டீமேக்கர் ஆவாய் என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டேன்.

ஆகவே என் யோசனை இதுதான். அழகனை இந்த மாதமே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுங்கள். மலை வேலைக்கும் அனுப்ப வேண்டாம். மகள் பூரணியிடம் பச்சைக் கொய்யாக்காய் கொடுத்து, அவன் சாப்பிடும்போதும் முகம் கழுவும்போதும் பாராத நேரத்தில் எறியச் சொல்லுங்கள். அட்சரகணிதப் பாடம் அந்த அளவுக்குக் கை கொடுக்காது.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பூரணிக்கும் அழகனுக்கும் ஆசி. அழகனின் விரல்கள் எல்லாம் நேராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மைத்துனன்,
செல்லசாமி.

பி.கு.: உறையை ஒட்டுமுன் முத்துலிங்கம் ஆபீஸிலிருந்து வந்து நிற்கிறான். தோட்டம் கைமாறிவிட்டதாம். துரை கப்பலேறப் போகிறாராம். இன்று காலை வந்த புதுத்துரை விளையாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. விஞ்ஞானத்தையும் மூக்கையும்கூடக் கேட்கவில்லை. பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம். இவன் டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிறந்தவன், இவன் அப்பனான நான் இதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். பிறந்தது போதாதென்று உங்கள் மனுவையும் என் மனுவையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பத்திரம் வாங்கும் வித்தையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்களோ எனக்குத் தெரியவில்லை. பத்திரம் இல்லாதவன் நாளை முதல் இஸ்டோர் பக்கம் வர வேண்டாம், மலைக்குப் போகலாம், அங்கே பத்திரம் கேட்பதில்லை என்று உத்தரவு. ஆகையால் மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அழகனை நிறுத்த வேண்டாம், ஆசைப்பட்டவரைக்கும் படிக்கட்டும். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடிக்க எவ்வளவு படித்தவனையும் எடுத்துக்கொள்வார்களாம்.