பென்சனியரின் ஒத்திகைகள்

பென்சனியருடைய ஓய்வு விழாவுக்கு வந்திருந்தவர்கள்: அவருடைய மனைவி ஜெயம் அன்ரி, பாண் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த மரியதாஸ் அண்ணை, அந்த வீட்டு நிலக்கீழறையில் வாடகைக்கு இருந்த நான், கல்கரியிலிருந்து தொலைபேசித் திரையில் மகள் சுதா. வராதவர்: பென்சனியர். அவர் வேலைக்குப் போயிருந்தார்.

ஓய்வுக்காக அவரளவு ஓயாமல் உழைத்த மனிதர் இந்த உலகத்தில் பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் கனடாவின் மோர்னிங்சைட்டில் வீடு வாங்க அவருக்குக் கட்டுப்படியாகாது.

பென்சனியர் என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். ஊரில் ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு பேப்பர் வாசிக்கும் பெரிய மனிதர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். இவர் ஒரு சதம் ஓய்வூதியம் எடுத்ததில்லை. ஆனால் நாற்பது வயதிலிருந்தே பாண் வேகும் சூட்டில் நின்றுகொண்டு, "ஏரிக்கரையிலை இருக்க ஒரு மர வாங்கு. நானும் மனிசியும். ஒண்டும் செய்யப்போறேல்லை. இருட்டுமட்டும் ஒண்டும் செய்யப்போறேல்லை" என்று சொல்வாராம். அவர் சொல்லச் சொல்ல அடுப்படியில் குளிர்காற்று வீசுமாம். அந்தக் காற்றில் இரண்டு தட்டுப் பாண் கருகிப்போனது என்று மரியதாஸ் அண்ணை சத்தியம் பண்ணுவார்.

அவருக்கு இரண்டு வயது இருந்தது. உண்மை வயது ஒன்று, கடதாசி வயது ஒன்று. கனடாவுக்கு வந்த காலத்தில் பிறப்புப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. படிவம் நிரப்பிக் கொடுத்தவர் உத்தேசமாக நான்கு வயதைக் குறைத்துப் போட்டார். பென்சனியர் பார்த்தார், பேசாமல் கையெழுத்து வைத்தார். "இளமை சும்மா வருதெண்டால் ஆர் வேண்டாமெண்டுவினம்?" என்று என்னிடம் கேட்டார். அந்த இளமை சும்மா வரவில்லை. அரசாங்கம் முதியோர் பென்சன் கொடுப்பது அறுபத்தைந்து வயதில். கடதாசி அறுபத்தைந்தாக, உடம்பு அறுபத்தொன்பது வரை பாண் சுட வேண்டியிருந்தது. கடதாசியின்படி அன்ரி அவரைவிட இரண்டு வயது மூத்தவர். கோபம் வந்தால் அன்ரி சொல்வார், "அக்கா சொல்லுறன், கேளுங்கோ."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்த முதல் ஆள் நான். அப்பா மன்னாரில் மீன் பெட்டி ஏற்றுபவர், கையெழுத்துக்குப் பெருவிரல் வைப்பவர். அதனாலோ என்னவோ, அச்சடித்த எண்களின் மேல் எனக்கு அளவில்லாத பக்தி. நிதித் திட்டமிடல் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு ஓய்வுத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் கடமை என்று நினைத்து, பதினொரு பக்கத்தில், நிறம் தீட்டிய வட்டப் படங்களோடு ஓர் அறிக்கை தயாரித்தேன். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, சேமிப்பு இருக்கிறது, நீங்கள் நாளைக்கே வேலையை விடலாம் என்பதுதான் அதன் சாரம்.

பென்சனியர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"தம்பி, தொண்ணூற்றைஞ்சு வயசோடை கணக்கு நிக்குது. அதுக்குப் பிறகு நான் என்ன செய்யிறது?"

"அங்கிள், பொதுவா அதுக்கு மேலை..."

"கடதாசித் தொண்ணூற்றைஞ்சோ, உண்மைத் தொண்ணூற்றைஞ்சோ?"

அந்தக் கேள்வி எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.

நான் கணக்கில் போட்டதை அவர் உடம்பில் போட்டுப் பார்த்தார். வேலையில்லாத ஞாயிறு வாய்த்தால் ஓய்வு ஒத்திகை. கராஜ் கதவை உயர்த்திவிட்டு, வாசலில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரை போடுவார். ஒன்றில் தான் அமர்ந்து மடியில் பச்சை அட்டைக் கொப்பியை விரிப்பார். தலைப்பு: 'ஒத்திகை'. கீழே செலவு. தேத்தண்ணி இரண்டு, ஐம்பது சதம். வடை ஒன்று, நாற்பது சதம். வானம் பார்த்தது, பூச்சியம். மற்றக் கதிரையில் அன்ரி வந்து இருப்பார். இருவரும் தெருவைப் பார்ப்பார்கள். மேப்பிள் மரத்து நிழல் மெல்ல நகர்ந்து வந்து இருவருடைய கால்விரலிலும் ஏறும். ஒரு அணில் போகும். இன்னொரு அணில் போகும்.

"சோறு அடுப்பிலை" என்று அன்ரி எழும்பிவிடுவார்.

பென்சனியர் கொப்பியில் எழுதுவார்: ஒத்திகை, ஐந்து நிமிடம்.

ஒரு தரம் எண்பது வயதையும் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மரியதாஸ் அண்ணையின் மாமியாருடைய நடைவண்டியைக் கேட்டு வாங்கிவந்தார். வீட்டு வாசல் சரிவில் ஏற முடியுமா, சாய்தளம் கட்டவேண்டி வருமா, வந்தால் என்ன செலவு என்று அறிய, முதுகைக் கூனிக்கொண்டு ஏறினார், இறங்கினார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பதறிப்போய் ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

"நோ, நோ. ஐ ஆம் பிராக்ரிசிங்" என்றார் பென்சனியர்.

நடைவண்டி திரும்பிப் போகும்வரை, மரியதாஸ் அண்ணையின் மாமியார் இரண்டு நாளாகக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

கடதாசி அறுபத்தைந்து நெருங்கியது. பிறந்தநாள் நீண்ட வார இறுதியின் திங்கட்கிழமையில் வந்தது. அன்றே வேலையை விடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அன்ரி கேக்குக்குச் சொன்னார். அந்த வாரம்தான், பென்சனை எழுபது வரை பிந்தி எடுத்தால் கூடுதலாகத் தருவார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். யாரோ என்ன, என் அறிக்கையின் ஏழாம் பக்கம்தான். வேலையை விட்டுவிட்டும் பிந்தி எடுக்கலாம் என்று எட்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் எட்டாம் பக்கத்துக்கு வரவேயில்லை. போதாததற்கு, விடுமுறை நாள் பகல் வேலைக்கு இரட்டைச் சம்பளம்.

விழாவில் மெழுகுதிரி உருகிக்கொண்டிருந்தது.

"அம்மா, அப்பா எங்கே? சீரியஸ்லி?" என்றாள் திரையில் சுதா.

"உங்கடை அப்பா எழுபதிலைதான் நிப்பாராம்" என்றார் அன்ரி. "கடதாசி எழுபது. உண்மையிலை எழுபத்திநாலு. அதுக்குப் பிறகு என்னெண்டு என்னோடை வாங்கிலை இருக்கிறது? ஒராள் வாங்கிலை, ஒராள் படத்திலைதான்."

அன்ரி மெழுகுதிரியை ஊதிவிட்டு, கேக்கைப் பாதியாக வெட்டிப் பெட்டியில் வைத்தார். பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றினார். "தம்பி, காரை எடும்."

தொழிற்சாலையின் பின்வாசலில் காரை நிறுத்தினேன். அன்ரி இறங்க மாட்டேன் என்றார். நான் மட்டும் போய்க் கூப்பிட, தலையில் வலைத்தொப்பி, புருவமெல்லாம் மாவோடு பென்சனியர் வந்தார்.

"ஏழாம் பக்கம் பிழை அங்கிள். நீங்கள் இப்பவே நிக்கலாம். காசு காணும்" என்றேன்.

"காசு காணுமெண்டு எனக்குத் தெரியும். உம்மடை கணக்குக்கு முதலே தெரியும்."

"அப்ப ஏன்?"

அவர் கைகளைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"இருபத்தேழு வருசம் எனக்கு இரவு வேலை. அவவுக்குப் பகல் ஒண்டு, பின்னேரம் ஒண்டு. சனி ஞாயிறு ஓவர்ரைம். கலியாண வீட்டுக்குப் போனாலும் ஆம்பிளையள் ஒரு மேசை, பொம்பிளையள் ஒரு மேசை. நாங்கள் கதைச்சதெல்லாம் வாசல்படியிலைதான் தம்பி. நான் உள்ளை வருவன், அவ வெளியிலை போவா. கதவுத் திறப்பு மேசையிலை, கறி பிரிட்ஜுக்குள்ளை, பிள்ளைக்குக் காய்ச்சல். கால் மணித்தியாலம். அவ வேலையை விட்டு ரெண்டு வருசமாச்சு, நான் பகல் முழுக்க நித்திரை. இனி நாள் முழுக்க என்னத்தைக் கதைக்கிறது? கதிரை போட்டுப் பாத்தன். அஞ்சு நிமிசத்துக்கு மேலை எனக்கு வரேல்லை."

என் அறிக்கையின் பதினொரு பக்கத்தில் இதற்கு ஒரு பக்கமும் இல்லை.

"அன்ரி காருக்குள்ளை இருக்கிறா" என்றேன்.

அவர் காரைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அன்ரி கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். பென்சனியர் தலையிலிருந்த வலைத்தொப்பியைக் கழற்றி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். உள்ளே போனார். மேற்பார்வையாளரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மாவு படிந்த சட்டையோடு வந்து காரின் பின்கதவைத் திறந்து அன்ரிக்குப் பக்கத்தில் ஏறினார். "எங்கை அங்கிள்?" என்றேன். "ஏரி" என்றார்.

அன்றைக்கு ஏரிக்கு மறுகரை இல்லை. வெயிலும் பனிப்புகாரும் கலந்து, நீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு பாய்ப்படகு ஆகாயத்தில் போவதுபோல் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் ஒரு வாங்கில் இருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் புல்லில் இருந்தேன். ஐந்து நிமிடம் போனது. அன்ரி எழும்பப்போகிறார் என்று நினைத்தேன். இங்கே அடுப்பு இல்லை. பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

பென்சனியர் ஒரு வாய் குடித்தார்.

"இஞ்சேரும். எனக்கு ஒரு கரண்டிச் சீனி காணும்."

"நான் ரெண்டுதானே போடுறனான்."

"ஓம். இருபத்தேழு வருசமா."

"ஏன் சொல்லேல்லை?"

"எப்ப சொல்லுறது?"

அன்ரி சிரித்தார். அது அழுகையாகவும் இருக்கலாம், எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. "வேறை என்ன சொல்லாமல் வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். கத்தரிக்காய்க் கறி. அன்ரியின் தம்பி வாங்கித் தந்த நீலச் சட்டை. சுதா பிறந்த அன்று தொழிற்சாலைக் கழிப்பறையில் நின்று அழுதது. அன்ரியும் தன்னுடையதைத் தொடங்கினார். பாய்ப்படகு புகாருக்குள் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனது. நான் புல்லில் படுத்துத் தூங்கியே விட்டேன். எழுப்பியபோது கேக் முடிந்திருந்தது.

படிப்பு முடிந்து நான் வீடு மாறும் நாளில், பென்சனியர் பச்சைக் கொப்பியைக் கொண்டுவந்தார். "நீர் படிச்சனீர், கூட்டல் சரியோ எண்டு பாரும்."

கடைசிப் பக்கம் அந்தத் திங்கட்கிழமை. மேலே 'ஒத்திகை' என்று எழுதி, குறுக்கே கோடிட்டு வெட்டியிருந்தார். மணிக்கு இருபத்தொரு டொலர், இரட்டைச் சம்பளம், பாதியில் விட்டுவந்த நாலரை மணித்தியாலம். கூட்டல் சரிதான். கீழே ஒரே வரி:

ஜெயத்தோடை தேத்தண்ணி, ஒரு தரம். 189 டொலர்.