வெல்லம் இல்லாத திருவாதிரைக் களி

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த வேலையிலும் நான்கு மாதம் தாண்டியதில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இனி வரும் முட்டாள்தனத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

2007 வாக்கில் பரங்கிப்பேட்டையில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன், பண்ருட்டியில் முந்திரி உடைத்தேன். உடைக்க ஒன்றும் கிடைக்காத நாட்களில் வடலூருக்குப் போய்விடுவேன். அங்கே யார் எவர் என்று கேட்காமல் சோறு போடுவார்கள். அப்படிச் சுற்றிக் கடலூருக்கு வந்தபோது ஒரு ஏஜென்சிக்காரர் என் தோளில் ஒரு பையை மாட்டினார். உள்ளே, சர்க்கரைக்குப் பதிலாகக் காபியில் போடும் இனிப்பு மாத்திரை டப்பாக்கள். வீடு வீடாக விற்க வேண்டும். காலையில் பயிற்சி வகுப்பு, முடிந்ததும் சாப்பாடு என்றார்கள். நான் சாப்பாட்டுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தேன்.

முதல் டப்பாவோடு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். தெற்கு வீதியில் என் தாய்மாமா தையல் கடை வைத்திருந்தார். ஆறு வருடமாக அவருக்கு சுகர். அவர் மகள் கஸ்தூரியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. மாமாவுக்கு என்மேல் அப்படி ஒன்றும் மரியாதை கிடையாது. "ஒனக்குச் சட்ட தச்சா நீ வாங்க வரதுக்குள்ள வேற ஊருக்குப் போயிருப்படா" என்பார்.

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதப் போட்டா சுகர் கொறையுமா?" என்றார்.

"கொறையும் மாமா" என்றேன். அந்த ஒரு சொல்தான்.

திருவாதிரைக்கு மறுநாள் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதில் குறைந்திருந்தால் நீ உருப்படியான வேலை பார்ப்பதாக ஒப்புக்கொள்கிறேன், அப்புறம் கஸ்தூரி விஷயம் பேசலாம் என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

இடையில் மூன்று வாரம் இருந்தது. மாமாவிடம் சொன்ன அதே சொல்லைச் சொல்லிக் கடலூரில் வீடு வீடாக விற்றேன். இரண்டு காபி குடித்துக்கொண்டிருந்த மாமா ஆறு காபிக்கு வந்தார். காபிக்குத் துணையாக வடை. அத்தை முறைத்தால், "அதான் சக்கரையே சேக்கலியே" என்பார். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை மட்டும் அத்தை விடாமல் கொடுத்துவந்தார். (அதனால்தான் இந்தக் கதையை இன்று சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.)

திருவாதிரை வந்தது. அன்று சிதம்பரத்தில் வீட்டுக்கு வீடு களி கிண்டுவார்கள். அரிசியும் பருப்பும் வறுத்து உடைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துச் செய்வது. தொட்டுக்கொள்ள ஏழு காய் போட்ட குழம்பு. களி சாப்பிட முடியாதே என்று மாமா முகம் தொங்கிக் கிடந்தது. நான் விடுவேனா? வெல்லத்துக்குப் பதில் மாத்திரையைப் போட்டுவிடலாம் என்றேன்.

"அடுப்புல வெச்சா ஒண்ணும் ஆவாதா?" என்று அத்தை கேட்டார்.

"காபியும் சூடுதான அத்த?"

அத்தை உரலைக் காட்டினார். நானும் கஸ்தூரியும் பையில் இருந்த மாத்திரை முழுவதையும் அதில் போட்டு இடித்தோம். நான்கு மாத வேலைகளில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் உடைத்ததில்லை. பொடியைக் கொட்டி முக்கால் மணி நேரம் கிண்டினேன். களி வெளுத்துப்போய் இருந்தது. உடம்புக்கு நல்லதெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று விளக்கம் சொன்னேன்.

அந்த வகை மாத்திரையை அடுப்பில் வேகவைத்தால் இனிப்பு போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. டப்பாவின் பின்பக்கம் போட்டிருந்ததாம், இங்கிலீஷில். வாயில் வைத்துப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் சாமிக்குப் படைக்கிற பண்டத்தை முன்னாடியே யார் ருசி பார்ப்பார்கள்? படைத்தோம், கற்பூரம் காட்டினோம். கையோடு பதினோரு வீட்டுக்கு நானே தூக்குச் சட்டிகளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எங்க கைப்பக்குவம்" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து இலையில் உட்கார்ந்தோம். மாமா ஒரு வாய் வைத்தார். இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னடா இது, உப்புமாவுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு."

அத்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். கஸ்தூரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகை இல்லை.

மாமா களியில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். முகம் தெளிந்தது. "கொழம்போட நல்லாத்தான் இருக்கு. சக்கரதான் இல்லியே, இன்னும் வையி" என்றார். மூன்று தடவை வைத்தோம்.

எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள், அதில் ஏதாவது போட்டுத் தருவார்கள். சாயங்காலம் முதல் தூக்கு வந்தது. உள்ளே ஒரு வெல்லக் கட்டி. இரண்டாவது வந்தது, அதிலும் வெல்லம். பதினோரு தூக்கிலும் வெல்லம். கடைசி வீட்டு அக்கா மட்டும் வாசலில் நின்று, "வெல்லம் தீந்துபோச்சுன்னா சொல்லக் கூடாதாக்கா? நம்ம வூட்ல இருக்கே" என்று அத்தையிடம் வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், பாராட்டை நேரில் வாங்க. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், சுகர் இவ்வளவு ஏறியிருக்கிறதே, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மாமா என்னைக் கைகாட்டினார். நான் எல்லாம் சொன்னேன்.

"இது காபியில போடற சக்கரைக்குத்தான் பதிலு தம்பி" என்றார் டாக்டர். "அரிசிக்கும் பருப்புக்கும் வடைக்கும் இது பதிலா? மாத்திரையப் பாத்து மருந்துன்னு நெனச்சுட்டீங்க."

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வேறு ஊர்தான், பழக்கம்தானே. வாசலில் கஸ்தூரி நின்றாள்.

"மாமா, எத்தன வூட்ல சுகர் கொறையும்னு சொல்லி வித்திருக்க?" (என்னையும் அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள், முறை அது.)

நாற்பது வீடு இருக்கும் என்றேன்.

"அவுங்களும் அப்பா மாதிரி மூணு தடவ சாப்புடுவாங்கல்ல? போயி சொல்லிட்டு வா. ஓடிப் போறதுன்னா அப்பறம் ஓடிக்கலாம்."

போனேன். கடலூரில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து திருவந்திபுரம் வரை ஒன்பது நாள் நடந்தேன். சிலர் மோர் கொடுத்தார்கள். சிலர் டப்பாவை என் மேலேயே எறிந்தார்கள். சேதி ஏஜென்சிக்காரருக்குப் போனதும் வேலையும் போனது. அந்த வேலைக்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை.

பத்தாம் நாள் தையல் கடைக்குப் போய் நின்றேன். மாமா சுகருக்காகக் காலையில் கோயிலின் நான்கு வீதியையும் சுற்றி நடந்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். நான் எங்கெங்கே போனேன் என்று கஸ்தூரி சொல்லியிருக்க வேண்டும். எழுந்து, கழுத்திலிருந்த டேப்பை எடுத்து என் தோளில் வைத்தார்.

"சட்டைக்கா மாமா?"

"கல்யாணத்துக்கு வெறும் ஒடம்போட வருவியா? தச்சு முடியற வரைக்கும் ஊர விட்டு நகராத."

இன்றுவரை நகரவில்லை. மாமாவுக்குச் சுகர் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. திருவாதிரைக்கு ஒரே ஒரு கரண்டி களி, வெல்லம் போட்டதுதான், கஸ்தூரி அளந்து வைப்பாள். பதினோரு வீட்டுக்கும் நான்தான் தூக்கில் கொண்டுபோகிறேன். சாயங்காலம் தூக்குகள் திரும்பி வரும்போது நான் திறந்து பார்ப்பதில்லை. உள்ளே வெல்லக் கட்டி உருளும் சத்தம் வாசலிலேயே கேட்டுவிடும்.