புது ஸ்பீக்கரும் எழுவாயும்

கேளம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மைத்துனர் ஜோயலுக்கு,

உன் அக்கா அன்பரசியின் ஜெபத்தாலும் நீ வாங்கி அனுப்பிய ஸ்பீக்கர்களின் புண்ணியத்தாலும் இங்கே நான் நலம், அவளும் நலம். அங்கே நீயும் ஜெனிட்டாவும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். நடந்ததைப் போனில் சொன்னால் நீ சிரித்தே பாதியைக் கேட்காமல் விட்டுவிடுவாய், அதனால்தான் கடிதம்.

ஸ்பீக்கர் அருமையோ அருமை. நேற்றுக் காலை பெட்டியைப் பிரித்ததும் ஒன்றை ஃபிரிட்ஜ் மேலும் இன்னொன்றைச் செருப்பு ஸ்டாண்டு மேலும் வைத்தேன். "இன்னாங்க இது, ஒன்னு மாடிலயும் ஒன்னு பாதாளத்துலயும்?" என்று உன் அக்கா தலையில் அடித்துக்கொண்டு, டேப் பிடித்து அளந்து, சோபாவை நகர்த்தி, இரண்டையும் காது உயரத்துக்கு ஸ்டூலில் ஏற்றினாள். கூட வந்த தாளில், புது ஸ்பீக்கர் உள்ளே விறைப்பாக இருக்கும், பல மணி நேரம் ஓடவிட்டுப் பழக்கினால்தான் குரல் கனியும் என்று போட்டிருந்தது. புது மாப்பிள்ளை மாதிரிதான். அவ்வளவு நேரம் யார் உட்கார்ந்து கேட்பது? கையில் அகப்பட்ட பென் டிரைவைச் செருகினேன். வீணை இசை வந்தது. சரி, பழைய பாட்டுகள் என்று நினைத்து, சத்தத்தைப் பாதியில் வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு, இரண்டு பேரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்விட்டோம். என் போன் வீட்டிலேயே சார்ஜில் கிடந்தது. ஊரடங்கு சமயத்தில் உன் அக்கா ஏழாம் வகுப்புக்குப் பதிவு செய்த இலக்கணப் பாடங்கள்தான் அந்த பென் டிரைவில் இருந்தன என்பது, அலையில் கால் நனைத்துக்கொண்டு வறுத்த மீன் தின்றவனுக்கு எப்படியப்பா தெரியும்?

சாயங்காலம் திரும்பினால் மாடிப்படி முழுக்கக் கூட்டம். எங்கள் கதவுக்கு முன்னால், கீழ் வீட்டில் இருக்கும் அசோசியேஷன் செயலாளர் நரசிம்மன் சார். பக்கத்தில் கடப்பாரையோடு வாட்ச்மேன் கருப்பன். உள்ளே இருந்து உன் அக்கா குரல் முழங்குகிறது: "எழுவாய் எங்கே? கேக்கறேன் இல்ல? எழுவாய்!"

எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற கருப்பன் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "காலைலேந்து டீச்சரம்மா சாரைத் திட்டிகினே கீது. 'வாயத் தொற, பதில் சொல்லு'ன்னு கேக்குது. சார்கிட்டேந்து மூச்சு இல்ல. போன் அடிக்குது, எடுக்கல. இப்ப 'எழுவாய், எழுவாய்'னு ஒரே கத்தல். மனுசன் எழுந்திருக்கவே இல்ல. பூட்டாரு சார்!"

நரசிம்மன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன பொறுமை! ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே!" என்னைப் பற்றி இவ்வளவு நல்ல பேச்சை நான் இதுவரை கேட்டதில்லை ஜோயல். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு வாயைத் திறக்கலாம் என்றுதான் நின்றேன். ஆனால் கருப்பன் கடப்பாரையை ஓங்கிவிட்டான். கதவு வீட்டுக்காரருடையது, உடைந்தால் நாங்கள் அன்றைக்கே தெருவில். "கதவை விடுப்பா, சாவி என்கிட்ட இருக்கு!" என்று அலறினேன்.

கடப்பாரை கீழே விழுந்தது. "சார், உயிரோட இருக்கேளா?" என்ற நரசிம்மன் சார், என் பின்னால் வாயை மூடி நிற்கும் உன் அக்காவைப் பார்த்தார்; உள்ளே கத்தும் உன் அக்காவைக் கேட்டார்; அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

கதவைத் திறந்ததும் மொத்தக் கூட்டமும் உள்ளே வந்துவிட்டது. வெட்கத்தில் உன் அக்கா ஸ்பீக்கரை அணைக்க ஓடினாள். அதற்குள் அதே குரல் மெல்ல இறங்கி, "தப்பா சொன்னா பரவால்ல கண்ணு. சொல்லு, நான் இருக்கேன்ல" என்றது. பக்கத்தில் நின்று சொல்வது போலவே இருந்தது. அணைக்கப் போனவள் கையை எடுத்துவிட்டாள். இத்தனை வருஷம் அவள் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவன் நான். இரண்டு காதாலும் சேர்த்துக் கேட்டது நேற்றுத்தான். எப்பேர்ப்பட்ட டீச்சர்டா உன் அக்கா!

அவள் அதட்டுவதெல்லாம் பாடத்துக்குள்தான், வீட்டில் ஒரு கடுஞ்சொல் கிடையாது என்று எல்லோருக்கும் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். ஸ்பீக்கர் ஓட ஓடக் குரல் இன்னும் கனியும் என்று அந்தத் தாளையும் நரசிம்மன் சாருக்குப் படித்துக் காட்டினேன்.

நீயும் ஜெனிட்டாவும் இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் போல, தள்ளி நின்றாலும் ஒரே பாட்டைப் பாடி நீடூழி வாழ்க.

உன் பிரியமுள்ள மாமா,
தாமோதரன்

பி.கு.: எழுதுகிற ஜோரில் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, பாத்திரம் கருகி, உன் அக்கா இப்போது என் தலைக்கு மேலே நேரடி ஒலிபரப்பில் இருக்கிறாள். காப்பாற்ற ஒரு ஆள் வரவில்லை. கீழ் வீட்டு ஜன்னலிலிருந்து நரசிம்மன் சார் மட்டும் குரல் கொடுத்தார்: "பிரமாதம் சார்! நேத்தைக்கு விட இன்னிக்கு இன்னும் நன்னா கனிஞ்சிருக்கு. கொஞ்சம் சவுண்டை ஏத்துங்கோ!"