'எதுக்கு' அண்ணாச்சி கொடுத்த தகவல்

போலீஸ் கை காட்டினால் வண்டி ஓட்டுகிற எவனுக்கும் முகம் சுருங்கும். முகம் மலர்ந்து இறங்குகிறவர் தூத்துக்குடி வட்டாரத்திலேயே 'எதுக்கு' அண்ணாச்சி ஒருவர்தான். உடன்குடியிலிருந்து எங்கள் கடைக் கருப்பட்டியைத் தூத்துக்குடிக்கு ஏற்றிப்போகும் வேன்காரர். எதைச் சொன்னாலும் "எதுக்கு?" என்பார். வம்புக்கு இல்லை; தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் நானும் கூடப் போனேன். வழியில் ஒரு எஸ்.ஐ. மறித்தார்.

"வண்டியில தடை பண்ணுன கடல் அட்டை கடத்துறதா தகவல்."

"யாரு சார் சொன்னது?"

"பேரு சொல்லல. வெள்ளை வேன்னு மட்டும் சொன்னான்."

"வெள்ளையா இல்லாத வேன் இங்கன எது சார்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எஸ்.ஐ. சிரித்துவிட்டார். "நிறுத்திப் பேப்பர் கேக்க எங்களுக்கு அதிகாரம் இருக்கு அண்ணாச்சி. சரக்கைக் கிண்டணும்னாத்தான் நம்புறாப்ல காரணம் வேணும்."

"நம்புறாப்லன்னா எப்படி சார்?"

"வண்டி நம்பர், போற பக்கம், கண்ணால பார்த்தது என்ன, சொல்லுறது யாரு. இதெல்லாம் இருந்தா தைரியமா நிறுத்தலாம்."

அண்ணாச்சி தாமே கதவைத் திறந்து காட்டினார். எஸ்.ஐ. கையில் ஒரு துண்டு கருப்பட்டியையும் வைத்தார்.

"இது எதுக்கு?" என்றார் எஸ்.ஐ.

சில மாதம் கழித்து அதே சாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு மினி லாரி பாம்பாக நெளிந்து போனது. ஸ்கூட்டரில் வந்த பெண் அதற்குப் பயந்து மணலில் இறங்கி விழுந்தாள். நல்லவேளை, எழுந்துவிட்டாள். லாரியின் நம்பரை அண்ணாச்சி இன்னொரு முறை பார்த்தார். வண்டியை ஓரங்கட்டி, போலீஸ் நம்பர் நூறுக்குப் போன் அடித்தார். நம்பர், போகும் பக்கம், கண்ணால் பார்த்தது, தன் பெயர் எல்லாம் சொன்னார்.

"அந்த டிரைவருக்கும் உங்களுக்கும் பகை ஏதும் உண்டா?" என்று போனில் கேட்டார்கள்.

"பகையா? ஓட்டுதது என் தங்கச்சி மாப்பிள்ளை சார்."

அடுத்த செக்போஸ்ட்டில் லாரியை மறித்து மாப்பிள்ளையை ஊதச் சொன்னார்கள். நல்ல போதை. பின்னாலேயே வந்த எங்கள் வேனைக் கண்டதும், "சொந்தக்காரனே காட்டிக் குடுக்கான்!" என்று மாப்பிள்ளை ஊரைக் கூட்டினார். "ஆமா, நாந்தான்" என்றார் அண்ணாச்சி. வேனை எடுத்து நேராகத் தங்கை வீட்டுக்கு விட்டார்.

தங்கை வீட்டு வாசலில் வேன் நின்றது. அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கையே வெளியே வந்தாள். யாரோ அதற்குள் போனில் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணே, அவருக்கு அடி ஏதும் உண்டா?"

"இல்லளா. முழுசா இருக்கான்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப அங்கன எதுக்கு உக்காந்திருக்க? உள்ள வா, சாப்பிடு."

அண்ணாச்சி ஸ்டியரிங்கை விட்டார். கதவைத் திறந்து, அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.