பெருச்சாளி வாசலும் கொக்கின் வளைகோடும்

"அரை விரல் தப்பெல்லாம் ஒரு தப்பாய்யா?"

ஒரு காட்டில், ஆற்றங்கரை வளைக்குள் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த செங்கமலம் என்ற பெருச்சாளியின் காதில் இது விழுந்தது. சொன்னது கொக்கு. கேட்டுக்கொண்டிருந்தது ஆமை. இருவரும் அவள் வளைக்கு மேலேதான் நின்றிருந்தார்கள்.

விஷயம் இதுதான். அந்த ஆறு ஆண்டுதோறும் ஒரே மாதிரி ஏறி இறங்கும். ஆனால் குடிகாரன் நடைபோல ஏகப்பட்ட கோணல். அவ்வளவு கோணலையும் கைப்பேசியில் ஏற்ற முடியாதே! அதனால், ஆற்றுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற எளிய பல்லுறுப்புக்கோவை ஒன்றை, அதாவது ஒரு வளைகோட்டை, ஆளுக்கொன்றாகப் போட்டுத் தரக் கொக்கிடமும் ஆமையிடமும் சொல்லியிருந்தார் சிங்கராஜா. வளைவாசலுக்கு மேலே தண்ணீர் என்றால் கோடு கூட்டல் குறி காட்டும். கைப்பேசி 'ஓடு' என்று அலறும். கீழே என்றால் கழித்தல் குறி, தாலாட்டுப் பாடும்.

செங்கமலம் தலையை நீட்டினாள். "ரெண்டு பேர் கோட்டுக்கும் என்ன வித்தியாசம், ஆமையண்ணே?"

கொக்கு முந்திக்கொண்டது. "என் கோடு அரை விரலுக்கு மேல் ஆற்றைவிட்டு விலகாதும்மா. இவர் கோடு கணுக்கால் தண்ணீரைப் பார்த்து யானை முழுகும் என்கிறது!"

"விலகும்தான் தாயி," என்றது ஆமை. "ஆனா ஆறு உன் வாசலைத் தாண்டுற அதே நேரத்துலதான் என் கோடும் தாண்டும். அது மேலே இருக்கிறப்போ இது கீழே இருக்கவே இருக்காது."

செங்கமலத்தின் காதில் 'யானை முழுகும்' மட்டும்தான் ஏறியது. கண் திறக்காத குட்டிகளை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சையெல்லாம் யார் கேட்பது? கொக்கின் கோட்டையே கைப்பேசியில் ஏற்றிக்கொண்டாள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், தண்ணீர் வாசலுக்கு ஒரு நூல் மேலே வந்தது. கொக்கின் கோடு ஒரு நூல் கீழே நின்றது. பிரமாதமான பொருத்தம். கைப்பேசி தாலாட்டுப் பாடப் பாட, வளை நிறைந்தது. குட்டிகளைக் கவ்விக்கொண்டு வெளியே வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. சேர்த்து வைத்த நெல் ஆற்றோடு போனது.

சிங்கராஜாவிடம் ஓடி முறையிட்டாள். அவர் அணில்களை விட்டு, கோடு ஆற்றைவிட்டு எவ்வளவு விலகியது என்று அளக்கச் சொன்னார். அளந்தார்கள்.

"கோட்டில் குறையில்லை. உன் வளைதான் ஒரு நூல் தாழ்வு," என்றார் சிங்கராஜா.

"மகாராஜா, எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சே!"

"சராசரியாகப் பார்த்தால் வரவில்லை."

மிகைப்படுத்திப் பீதி கிளப்பியதற்காக ஆமைக்குக் கண்டனம். துல்லியத்துக்காகக் கொக்குக்கு விருது: பளபளவென்று ஒரு பித்தளை அண்டா. கொக்கு ஒற்றைக் காலில் நின்று ஏற்புரையைத் தொடங்கியது. மேடைக்குக் கீழே சலசலவென்று தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சபையில் இருந்த கைப்பேசிகள் எல்லாம் ஒரே குரலில் தாலாட்டுப் பாடின.

செங்கமலம் மேடையில் ஏறினாள். குட்டிகளை ஒவ்வொன்றாக அந்த அண்டாவுக்குள் போட்டாள். தானும் ஏறிக்கொண்டாள்.

நீதி: கிட்டத்தட்டச் சரியாக இருப்பவர்களுக்குத்தான் விருது கிடைக்கும், ஆகவே, விருதாக எப்போதும் அண்டாவே கொடுக்க வேண்டும்.