இறங்குவதற்கு ஒரு விண்ணப்பம்

“கணக்குல உங்க நிலை அஞ்சு. கால்குலஸ்தான் எடுக்கணும்,” என்றார் கல்லூரி ஆலோசகர் பிரூயிட்.

“எனக்கு ஒண்ணு போதும் மேடம்,” என்றான் கர்ட்டிஸ்.

“ஒண்ணுங்கிறது பின்னம், சதவீதம்.”

“அதுதான் வேணும்.”

பிரூயிட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். இருபது வருடமாக அந்த மேசைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரு நிலையாவது ஏற்றித் தரச் சொல்லிக் கெஞ்சியவர்கள். ஒரு பெண் ஆப்பிள் பை செய்துகொண்டு வந்து அழுதிருக்கிறாள். இறக்கிவிடச் சொல்லி யாரும் வந்ததில்லை.

கர்ட்டிஸுக்கு முப்பத்துநாலு வயது. பதின்மூன்று வருடம் கூரை வேய்ந்தவன். போன இலையுதிர் காலத்தில் ஒரு கூரையிலிருந்து விழுந்து முழங்கால் போயிற்று. இனி ஏற முடியாது. நில அளவைப் படிப்பில் சேர் என்றாள் நோரீன், அவன் மனைவி. கல்லூரியின் கணக்குத் தேர்வை எழுதினால்தான் எந்த வகுப்பு என்று சொல்வார்கள். அதை வீட்டிலிருந்தே எழுதலாம். மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் மறுத்தான். ஆகஸ்டில் வகுப்பில் உட்காருவேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தான். மார்ச்சில் அவள் இறந்துபோனாள்.

ஏப்ரலில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அவன் எழுதாத தேர்வில் அவனுக்கு நிலை ஐந்து.

யார் எழுதியிருப்பார்கள் என்று அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

இன்று ஆகஸ்ட். பதிவு நாலு மணிக்கு முடிகிறது. கால்குலஸில் உட்கார்ந்தால் இரண்டாவது வாரமே வெளியே வந்துவிடுவான். அப்புறம் வாக்கு எங்கே இருக்கும்.

“கம்ப்யூட்டர் தப்புப் பண்ணியிருக்கும் மேடம்.”

“இருபத்தஞ்சுக்கு இருபத்துநாலு. கம்ப்யூட்டர் அவ்வளவு நல்லாத் தப்புப் பண்ணாது.”

“திரும்ப எழுதலாமா?”

“எழுதலாம். ஆனா…”

கர்ட்டிஸ் அதற்குள் எழுந்துவிட்டான்.

வெளியே வண்டியில் கேல் காத்திருந்தாள். நோரீனின் தங்கை. செவ்வாய்க்கிழமைதோறும் நோரீனின் சிகிச்சைக்காக மூவரும் மருத்துவமனைக்குப் போன அதே வண்டி. அப்போது ஓட்டியது கர்ட்டிஸ். பக்கத்தில் நோரீன். வியாதிப் பேச்சு வரக்கூடாது என்று வழி முழுக்கக் கூரையைப் பற்றி எதையாவது கேட்டுக்கொண்டே வருவாள். கேல் பின் சீட்டில் மடிக்கணினியைத் திறந்துவைத்திருப்பாள், அலுவலக வேலை என்பாள்.

“முடிஞ்சுதா?” என்றாள் கேல்.

“இன்னும் கொஞ்ச நேரம். ஒரு பரீட்சையில ஃபெயிலாகிட்டு வந்துடறேன்.”

“அதுக்கு எதுக்கு நேரம்?” என்றாள் கேல்.

தேர்வுக் கூடத்தின் கண்காணிப்பாளர் லமார் அவனுக்கு ஒரு தொடுதிரையின் முன் இருக்கையைக் காட்டினார். இருபத்தைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலு விடைகள். கர்ட்டிஸ் கவனமாக வேலை செய்தான். ஒரு கேள்வியில் பன்னிரண்டடிச் சுவர், ஒன்பதடி தள்ளி ஏணியின் கால், ஏணி எவ்வளவு நீளம் என்றிருந்தது. பதினைந்து என்ற விடை அவனுக்குச் சரிபோலத் தெரிந்தது. சரியாக இருந்துவிடப் போகிறதே என்று பயந்து இருபத்தொன்றைத் தொட்டான். எல்லாவற்றையும் இப்படியே செய்தான். எது உண்மைபோலத் தெரிந்ததோ அதை விட்டுவிட்டான்.

திரையில் சைபர் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்கு ஒரு காரியம் நடந்ததுபோல இருந்தது.

“இப்ப ஒண்ணாம் நிலைதானே?” என்றான்.

“இல்ல தம்பி. ரெண்டு தடவைல எது ஒசத்தியோ அதுதான் நிக்கும். மேடம் சொல்லலையா?” லமார் திரையை மறுபடி பார்த்தார். “ஆனா இது… நீங்க இங்கேயே இருங்க.”

அவர் போய்க் கணக்குத் துறைத் தலைவர் ஹாஸ்கலை அழைத்துவந்தார். ஹாஸ்கல் சைபரை வெகுநேரம் நின்று பார்த்தார். கல்லறை முன் நிற்பவர்போல நின்றார்.

“கண்ணை மூடிட்டுத் தொட்டாக்கூட ஆறு சரியா வரும் மிஸ்டர் கர்ட்டிஸ்.”

“எனக்கு அதிர்ஷ்டம் கம்மி சார்.”

“இருபத்தஞ்சையும் தப்பாப் போடணும்னா, இருபத்தஞ்சுக்கும் சரியான பதில் தெரிஞ்சிருக்கணும். உங்களைச் சாதாரண கால்குலஸ்ல போட்டது எங்க தப்பு. அதுக்கும் மேல இருக்கிற ஆனர்ஸ் கால்குலஸுக்கு மாத்திடறேன். ஏழே பேர். எல்லாருக்கும் பதினெட்டு வயசு. நல்ல பசங்க.”

மணி மூன்றரை. கர்ட்டிஸ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாலு மாதமாக மூடிவைத்திருந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று.

“முதல் பரீட்சை நான் எழுதல சார். என் மனைவி எழுதினா.”

ஹாஸ்கல் அவனைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். லமாரும் கூடவே வந்து வாசலில் நின்றார். ஹாஸ்கல் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

“இது நேர்மை மீறல். எழுதிக் கொடுத்தவங்க பேரு இதுல வரணும். நீங்க ஒரு வருஷம் சேர முடியாது. எனக்கே கஷ்டமா இருக்கு.”

“ஒரு வருஷமா?”

“விதி. உங்க மனைவியை வரச் சொல்லி ஒரு கையெழுத்து…”

“வர முடியாது.”

“நாலு மணிக்குள்ள வந்தாப் போதும்.”

“மார்ச்ல இறந்துட்டா.”

ஹாஸ்கல் பேனாவைக் கீழே வைத்தார். வாசலில் நின்ற லமார் தொப்பியைக் கழற்றினார். ஹாஸ்கல் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார், திருப்பியும் பார்த்தார். அதற்கு அதில் கட்டம் இல்லை.

“யாரோட கம்ப்யூட்டர்ல எழுதினாங்க?” என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில்.

“எங்க வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது. அவ தங்கச்சியோடதாத்தான் இருக்கும். வெளியே வண்டியில இருக்கா.”

“அவங்க சாட்சி சொன்னாலும் சரிதான்.”

லமார் போய்க் கேலை அழைத்துவந்தார். மணி மூன்று ஐம்பது. கேல் படிவத்தைப் பார்த்தாள். அதில் அக்காவின் பெயர் இருந்தது, கர்ட்டிஸின் கையெழுத்தில், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக.

“இது என்ன?”

“மன்னிச்சுக்க கேல். எனக்காக நோரீன் பரீட்சை எழுதினதைச் சொல்லிட்டேன். இருபத்துநாலு வாங்கியிருக்கா.”

கேல் படிவத்தை எடுத்து, அக்காவின் பெயர் உள்ளே போகும்படி இரண்டாக மடித்தாள்.

“அவ எங்க எழுதினா? பின் சீட்டுலேருந்து ஒவ்வொரு கேள்வியா அவ ஃபோனுக்கு அனுப்பினது நான், அதைக் கூரைக் கணக்காக்கி உன்கிட்ட கேட்டது அவ, வண்டி ஓட்டிட்டே பதில் சொன்னதெல்லாம் நீ. ஒண்ணே ஒண்ணு தப்பாச் சொன்னே கர்ட்டிஸ், திருத்திடவான்னு கேட்டேன், வேண்டாம், அது அவனோடதாவே இருக்கட்டும்னுட்டா.”