வெறும் வயிற்றில் மருந்து

சாப்ட்டியா அக்காவிடமிருந்து வெறும் வயிற்றோடு தப்பித்தவர் புதுச்சேரியில் ஒருவரும் கிடையாது. ஏ.சி. ரிப்பேர்காரர், தணிக்கைக்கு வந்த அதிகாரி, வழி தவறி உள்ளே வந்த வெள்ளைக்காரர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "சாப்ட்டியா?" பதில் வருவதற்குள் தூக்குவாளி திறந்துவிடும். அக்காவின் தங்கை பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். விற்காமல் மிஞ்சிய நெத்திலியெல்லாம் குழம்பாகி எங்கள் வயிற்றுக்கு வந்து சேரும்.

நான் அப்போது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பிஎச்.டி. மாணவன். அக்கா அங்கே உதவியாளர், அதற்கு முன் ஒரு நர்சிங் ஹோம் வார்டில் பல வருஷம் இருந்தவர். கை நடுங்காது, சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம். அதனால் தட்டுகளில் நாங்கள் வளர்க்கும் செல்களையும் அவரே பார்த்துக்கொள்வார். என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமே அவர் தயவில்தான் நடந்தது.

என் ஆராய்ச்சி முடியைப் பற்றியது. சிரிக்காதீர்கள், இருபத்தெட்டு வயதில் எனக்குப் பாதி மண்டை வழுக்கை. சிறுநீரகச் செல் ஒவ்வொன்றின் தலையிலும் ஒற்றை முடி உண்டு. சிறுநீர் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பது அதுதான். செல்லின் சுவரில் உப்பை உள்ளே வெளியே விடும் குட்டிக் கதவுகளுக்கு அயான் சேனல் என்று பெயர். மருந்து போட்டு அந்தக் கதவை அடைத்தால் முடி முளைக்குமா? இதுதான் என் கேள்வி. ஒரே ஒரு நிபந்தனை: சத்துநீரை நிறுத்தி இரண்டு நாள் பட்டினி போட்டால்தான் செல்லுக்கு முடி முளைக்கும்.

"பட்டினி கெடந்தா முடி மொளைக்குமா? அப்ப நீ ஏன் தம்பி மூணு வேளயும் துன்ற?" என்றார் அக்கா.

முடிவு அமோகமாக வந்தது. மருந்து போடாத தட்டில் முடி, போட்ட தட்டில் மொட்டை. கண்ணாடி முன் நின்று உலக மாநாட்டுக்கே பேசிப் பழகினேன். திங்கட்கிழமை ஆய்வுக்குழு முன் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

"மருந்து போட்டதுன்னா, செவப்புப் புள்ளி வச்ச தட்டா?"

"ஆமாக்கா."

"அதுங்களுக்கு ஞாயித்துக்கெழமயே ஆகாரம் ஊத்திட்டனே."

வயிறு நிறைந்த செல்லுக்கு மருந்தே இல்லாவிட்டாலும் மொட்டைதான். "எதுக்குக்கா?"

"வெறும் வயித்துல மருந்து குடுத்தா வயிறு புண்ணாயிடாது? வார்டுல இத்தினி வருசம் இருந்தேன், எனக்குத் தெரியாதா?"

"மருந்து போடாதது?"

"அதுங்களுக்கு என்னா, நல்லாத்தான இருக்குது. ரெண்டு நாள் தாங்கும்."

கத்தினேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பார்த்திருந்தால் போதும் என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. பேராசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஒரு மாதம் தந்தார். அதற்குள் சரியாகச் செய்யாவிட்டால் பட்டத்தை மறந்துவிடு என்றார்.

சனிக்கிழமை பட்டினி தொடங்கியது. இம்முறை ஞாயிறும் வந்து தட்டுகளுக்குக் காவல் இருந்தேன். அக்காவும் வந்தார், ஆனால் தட்டுகள் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. திங்கள் காலையில்தான் கவனித்தேன், அவர் மேசைமேல் தூக்குவாளி நேற்று வைத்தபடியே மூடிக் கிடந்தது.

"சாப்பிடலையாக்கா?"

"அதுங்க பட்டினி கெடக்கறப்ப எனக்கு எப்டிப்பா எறங்கும்? நேத்துலேர்ந்து தண்ணிதான்."

சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். மருந்து போடாத தட்டில் நல்ல முடி. மருந்து போட்டதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டை முடி, அச்சு அசல் என் மண்டை. உலக மாநாட்டுக்குப் போதாது; பட்டத்துக்குப் போதும். ஓடி வந்து சொன்னேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும். அதுங்க சாப்ட்டுதா?"

முடியைச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டுமென்றால் செல்களைக் கொன்றுதான் ஆகவேண்டும். அக்காவிடம் அதை யாரும் சொன்னதில்லை.

"சாப்ட்டுதுக்கா, வயிறு நெறய."

என் ஆராய்ச்சியில் நான் தெரிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.